பெட்டியின் மேல் என் பெயர் இல்லை

என் பத்தாம் நம்பருக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், என் வலது கண் ஒன்றுதான் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் வெளிச்சத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, அதுவும் சமாதானமாகிவிடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரிலும் அந்த வேலையிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்களா என்பதைத் தெரிந்துகொண்டால் எங்களுக்கு அன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போன் உன் அம்மா கைக்குப் போனால் திரும்ப வருவதில்லை, வரும்போது நீ களைத்துப்போய், சாப்பிட்டீங்களாப்பா, கண்ணுக்கு மருந்து விட்டீங்களாப்பா என்று இரண்டே கேள்வி கேட்கிறாய், நானும் ஆச்சு ஆச்சு என்கிறேன், அதோடு சரி. கடிதத்தை நடுவில் யாரும் பிடுங்க முடியாது. எழுதுகிறவள் சில வரிகளை விழுங்கப் பார்ப்பாள், அதனால் முடித்ததும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பேன், நான் சொன்னதில் ஒரு வார்த்தை குறைந்தாலும் எனக்குத் தெரியும் என்று மிரட்டித்தான் உட்காரவைத்திருக்கிறேன்.

உன் வண்டி வேலை முடிந்தது. எப்படி முடிந்தது என்று உன் மாமனார் ஒரு விதமாகச் சொல்லியிருப்பார், உன் அம்மா ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள், நடந்ததை நான் சொல்கிறேன். பெரிய போர் கிட் ஒன்று வாங்கி அனுப்புகிறேன், சிலிண்டரும் பிஸ்டனும் பெரிசு, வண்டிக்கு இழுவை கூடும் என்று நீ சொன்ன நாளிலிருந்து வாசலில் எந்த வண்டி நின்றாலும் கூரியர்காரன் என்று எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் பெட்டி வந்தது, சம்பந்தி கையில். கதவைத் திறந்தால் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நல்ல விஷயமா வந்திருக்கேன் சம்பந்தி என்கிறார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் என் பெயரை எழுதினால் பார்க்க எப்படி இருக்கும் என்று தெரியும், ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பெட்டியின் மேல் அது இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அடியிலும் பார்த்தேன். நாற்பது வருஷம் ஸ்கூட்டரும் பைக்கும் பிரித்து மாட்டியவன் உனக்கு அப்பனாக இருக்க, ஆயுசெல்லாம் பல் பிடுங்கிவிட்டு, ஓய்வு எடுத்த பிறகு போனில் வீடியோ பார்த்து இன்ஜின் வேலை கற்றுக்கொண்ட மனுஷனுக்கு அந்தப் பெட்டியை அனுப்பியிருக்கிறாய். அது மட்டும் என்றால் கூட விழுங்கியிருப்பேன். வேலை முடிஞ்சதும் வண்டி மாமா ஷெட்லயே நிக்கட்டும்மா, நம்ம வீட்டுல மழையில நனையுது என்று நீ உன் அம்மாவிடம் சொன்னதையும் நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். காது எனக்கு நன்றாகவே இருக்கிறது.

அந்த வண்டியை நீ வாங்கி வந்த நாள் எனக்கு நேற்று மாதிரி. மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது, வண்டிக்கு வலது பக்கக் கண்ணாடி இல்லை, டேங்கில் கட்டைவிரல் அமுக்கின மாதிரி ஒரு நசுங்கல், சீட்டு கிழிசலை முன்னால் வைத்திருந்தவன் நீல டேப்பால் ஒட்டியிருந்தான். மண்ணிலும் ஓடும் தார் ரோட்டிலும் ஓடும் என்று நீ சொன்னாய், இரண்டிலும் ஓடாது போலிருக்கே என்று நான் சொன்னேன். ஏறி உட்கார்ந்தால் உனக்குக் கால் எட்டவில்லை, நுனிக்காலில் கொக்கு மாதிரி நின்றாய். அந்த ஞாயிறே அதைப் பிரித்தோம், நீயும் நானும், பத்தாம் நம்பர் ஸ்பானர் அன்று முழுக்க உன் கையை விட்டு இறங்கவில்லை, அந்தப் பெயர் உனக்கு வந்ததும் அன்றைக்குத்தான். இப்போது உன் அறையில் உன் கட்டில் போய்விட்டது, அம்மா அரிசி மூட்டை வைத்திருக்கிறாள், உன் சட்டையெல்லாம் அவள் தலையணைக்குள் போயாச்சு. உன்னுடையது என்று இந்த வீட்டில் நிற்பது அந்த வண்டி ஒன்றுதான். நீ லீவுக்கு வந்தால் பையைக் கூட வைக்காமல் நேராக அதைத்தான் பார்க்கப் போவாய். அது எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் முதலில் வருவாய், இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு மலை ரோடு ஏறினால் முதல் கியருக்கு மேல் போடமுடியவில்லை, நடந்து போகிறவன் முந்திப்போகிறான் என்றுதானே இந்த போர் கிட் யோசனையே வந்தது. மாப்பிள்ளை கொஞ்சம் இளைத்திருந்தால் செலவே இல்லாமல் முடிந்திருக்கும். இந்த வரியை எழுத மாட்டேன் என்று உன் அம்மா பேனாவை வைத்துவிட்டாள், டீ போட்டுக் கொடுத்து எழுத வைத்திருக்கிறேன்.

வேலை நம் வீட்டுப் பின்பக்கத் தளத்தில்தான் நடந்தது. எனக்குக் குனியக் கூடாது என்று தடை, அதனால் நாற்காலி. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி வெள்ளைச் சட்டையோடு வந்தார், இன்ஜின் வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்தவரை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். கையுறை மாட்டினார், நெற்றியில் விளக்கு மாட்டினார். நம் கடையில் போல்ட்டுகளைக் கழற்றினால் சாக்கு மேல் இன்ஜின் எப்படி இருந்ததோ அப்படியே பரப்பி வைப்போம், எது எங்கே என்று பார்த்தாலே தெரியும். அவர் என்னடா என்றால் பல் செட்டு வைக்கும் குட்டி டப்பாக்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, போல்ட்டுகளைப் போட்டு மூடி வைக்கிறார். யாரோ பத்துப் பேர் பல்லைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன மாதிரி இருந்தது தளம். டேங்கு, சைலன்சர், கார்புரேட்டர், ஹெட் எல்லாம் வரிசையாக இறங்கியது. பல்லுக்குப் பின்னால் பார்க்கிற அந்தக் குச்சிக் கண்ணாடியை உள்ளே விட்டு வால்வைப் பார்த்து, கரி கொஞ்சம் இருக்கு சம்பந்தி, சுத்தம் பண்ணிடலாம் என்றார். வலிக்குதான்னு கேளுங்க என்றேன். சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை, குத்தினால் குத்தினது தெரிய வேண்டாமா.

உண்மையைச் சொல்கிறேன், குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்திருந்தேன். பழைய சிலிண்டரை உருவினார், பழைய பிஸ்டனை எடுத்தார், புதுசில் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தார், ரிங்குகளின் வாய் ஒன்றுக்கு நேராக ஒன்று வராமல் திருப்பி வைத்தார், எல்லாம் சரி. பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் அந்த லாக்கு இருக்கிறதே, கம்பி வளையம், நகத்தளவு, அங்கேயாவது மாட்டுவார் என்று காத்திருந்தேன். அது தெறித்து உள்ளே விழுந்தால் இன்ஜினையே பிளக்க வேண்டும், வெளியே விழுந்தால் தரையெல்லாம் தவழ வேண்டும், நான் தவழ்ந்ததற்கு நீயே சாட்சி. அவர் இன்ஜின் வாயில் சுத்தமான துணியை அடைத்தார், பையிலிருந்து வளைந்த இடுக்கி ஒன்றை எடுத்தார், பல்லுக்குத் தொப்பி மாட்டுகிற மாதிரி ஒரே அழுத்து. டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தப் பக்கமும் அப்படியே. என் கை அவ்வளவு நிதானமாக ஒருநாளும் இருந்ததில்லை. நான் தலையைத் திருப்பிக்கொண்டு, கண்ணுக்கு மருந்து விடுகிற நேரம் என்று உள்ளே போய்விட்டேன். மருந்து நேரமெல்லாம் இல்லை. ஆனாலும் சொன்னதற்காக விட்டுக்கொண்டு, கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது ஹெட் ஏறி எல்லாம் மூடியாகிவிட்டது, சம்பந்தி குழாயடியில் கை கழுவப் போயிருந்தார். நம் கடை வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இன்ஜினை மூடின கை ஆயில் ஊற்றாது, வேறு கைதான் ஊற்றும், ஊற்றுகிறவன் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவான். நீ ஸ்கூல் விட்டு வந்து பையோடு நின்று எத்தனை இன்ஜினுக்கு ஊற்றியிருக்கிறாய், நான் மூடினால் உன் கை, நீ மூடினால் என் கை. அந்த வண்டியில் என் கை படுகிற இடம் இனி அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. போல்ட்டையெல்லாம் தொட்டுப் பார்த்தேன், நன்றாகவே முறுக்கியிருந்தார். ஆயில் அளவு பார்க்கும் அந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்தேன், மருந்து விட்ட கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற வண்டியில் அது எப்போதும் காலியாகத்தான் தெரியும், நிமிர்த்திப் பார்க்க வேண்டும், இது எனக்குத் தெரியாதா. தெரியும். ஆனால் அப்போது எனக்கு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அலமாரியிலிருந்து நம் டின்னை எடுத்து, குனியக் கூடாது என்பதையும் மறந்து குனிந்து, நிதானமாக முழுசும் ஊற்றி மூடியைத் திருகினேன். சம்பந்திக்கு நம் கடை வழக்கம் யார் சொன்னார்கள், அவர் மூடின கையோடு தானே ஊற்றிவிட்டுத்தான் கை கழுவப் போயிருக்கிறார். அவர் ஊற்றினதை எனக்குச் சொல்லவில்லை, நான் ஊற்றினதை அவருக்குச் சொல்லவில்லை. சம்பந்தி மரியாதை அப்படி.

கிக்கர் அடித்ததும் வண்டி பிடித்துக்கொண்டது, குரலே மாறியிருந்தது, சின்னப் பையன் குரல் உடைந்து ஆம்பிளைக் குரல் வருகிற மாதிரி. சம்பந்தி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த நிமிஷம் சைலன்சரிலிருந்து புகை, சாதாரணப் புகையா, துணி காயப்போட்ட உன் அம்மா இருமிக்கொண்டே ஓடிவந்தாள். ஏர் பில்டர் இருக்கிற காற்றுப் பெட்டிப் பக்கமிருந்து ஆயில் பீய்ச்சி அவர் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை கோடு போட்டது. வண்டியை அணைத்தார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். ரிங்கைத் தலைகீழாப் போட்டுட்டேன் போலிருக்கு சம்பந்தி, தெரியாத வேலையில கை வெச்சுட்டேன் என்றார். நீங்களே பாருங்க, வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும், எனக்கு இனிமே அதைக் கேட்க முகம் இல்லை என்று சொல்லிவிட்டு டப்பாக்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டையோடயே பஸ் ஏறிப் போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதெல்லாம் அனுபவம் வேணும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டேன். வண்டி என் வாசலிலேயே நிற்கப்போகிறது, நீ என் வாசலுக்கே வரப்போகிறாய்.

மறுநாள் காலையில் ஹெட்டைத் திறக்கும் முன்னால் ஆயிலை வடிக்கலாம் என்று அடியில் தட்டு வைத்து நட்டைத் திருகினால், வருகிறது வருகிறது, நிற்கவே இல்லை. தட்டு நிரம்பி, குளிக்கிற வாளியை வைத்து, அதற்கும் பாதி. ஹெட்டைத் திறக்கத் தேவையே இல்லை, ரிங்கிலும் குறை இல்லை, லாக்கிலும் குறை இல்லை, வேலை கண்ணாடி மாதிரி சுத்தம். ஒரு இன்ஜினுக்கு இரண்டு இன்ஜின் ஆயில், கூடினதுதான் புகையாகவும் பீய்ச்சலாகவும் வெளியே வந்திருக்கிறது. உன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அவர் ஊத்தினதை நான் அப்பவே பார்த்தேனே, நீங்க ஊத்தினதைத்தான் பார்க்கலை என்றாள். முன்னாலேயே சொல்லக் கூடாதா என்றால், நீங்க நேத்து இருந்த சந்தோஷத்துல யார் கிட்ட வருவா என்கிறாள். வாளியைக் கொட்டிவிட்டு, ரிங்கைச் சரி பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, வண்டியும் எனக்கு, பெயரும் எனக்கு. உன் அம்மாவை வாயைத் திறக்கக் கூடாது என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தியம்மா போன் பண்ணி, முந்தின ராத்திரி நீ அவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரமாக, மாமா நீங்க வருத்தப்படாதீங்க மாமா, எனக்காக இவ்வளவு பண்ணீங்களே மாமா என்று தேற்றினதைச் சொன்னாள். அன்றைக்குக் காலையிலும் மறுபடி கூப்பிட்டாயாம், சாப்பிடாமல் இருக்கிறாரே என்று. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது கூட நீ பேசினது போன் சூடாகிற அளவுக்கு இல்லை. இந்த மனுஷன் இப்படியே துக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நீ லீவு முடிகிற வரைக்கும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குப் பட்டது. நல்ல மனசால் போனேன் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். பொறுக்க முடியாமல்தான் போனேன்.

வாளியில் வடித்ததை இரண்டு கேனில் பாதி பாதியாகப் பிடித்து, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவர் வீட்டு ஷெட்டில், நம் வண்டிக்கென்று கழுவிவிட்ட காலி இடத்தில், ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேன் இரண்டையும் முன்னால் வைத்து, இது நீங்க ஊத்தினது, இது நான் ஊத்தினது, வேலையில ஒரு குறையும் இல்லை என்றேன். நான் ஊத்தினதைச் சொல்லாதது என் தப்பு என்றார். நான் பார்க்காமல் ஊற்றினது என் தப்பு என்றேன். இல்லை என் தப்பு என்றார். தப்பில் கூட எனக்கு முழுப் பங்கு தரமாட்டேன் என்கிறாரே என்று கோபம் வந்துவிட்டது. அப்புறம்தான் ஒன்று சொன்னார். என் பையன் ஒவ்வொரு ஞாயிறும் யாருக்குப் போன் பண்றான் சம்பந்தி என்று கேட்டார். எனக்குத்தான். கார் இன்ஜின் பக்கத்தில் போனை வைத்து, மாமா இந்தச் சத்தம் என்னன்னு கேளுங்க என்று மாப்பிள்ளை பிடுங்கி எடுப்பார், எனக்கு அது தொல்லை என்றுதான் இதுநாள் வரைக்கும் நினைத்திருந்தேன். அவனுக்குப் பல் வலி வந்தப்போ கூட என்னைக் கேட்கலை, அங்கேயே எவன்கிட்டயோ போய்ப் பிடுங்கிட்டு வந்தான் என்று சம்பந்தி சொன்னார். உங்க பொண்ணு அந்தப் பெட்டியை எனக்கு அனுப்பினப்போ, ஒரு ஆள் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்குன்னு பெட்டியைப் பிரிக்காம ராத்திரி பூரா பக்கத்துலயே வெச்சிருந்தேன் என்றார். அந்தக் கார் தொல்லைக்கு அந்தப் பக்கம் இப்படி ஒருவர் எரிந்துகொண்டிருப்பார் என்று நான் எங்கே கண்டேன். மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. கஷ்டத்தில் கூட்டு கிடைத்த நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கூப்பிட்டால், இனிமேல் பல்லைப் பற்றி உங்க அப்பாவைக் கேளுங்க என்று சொல்லப்போகிறேன். கார் என்னிடமே இருக்கட்டும்.

அதற்கடுத்த நாள் அவர் இங்கே வந்து காற்றுப் பெட்டியைச் சுத்தம் பண்ணி, வடிக்கிற நட்டை மூடினார், ஊற்றுங்க சம்பந்தி என்று டின்னை என் கையில் கொடுத்தார். வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேரும் மாறி மாறிக் கண்ணாடியைப் பார்த்து ஊற்றினோம். புகை இல்லை. புது சிலிண்டரும் புது ரிங்கும் ஒன்றுக்கொன்று பழகுகிற வரைக்கும் விரட்டக் கூடாது, கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும், உனக்குத் தெரியும். எனக்கும் கண் டாக்டர் மெதுவாக, வெளிச்சத்தில் மட்டும் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார், எனக்கும் இன்ஜினுக்கும் ஒரே பத்தியம். வண்டி எந்த வீட்டில் என்று கடைசியில் எப்படி முடிவானது என்றால், முடிவாகவில்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நான் அதை அவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன், டீ குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்புகிறேன். ராத்திரி அது ஷெட்டில் நனையாமல் நிற்கிறது. காலையில் அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மெதுவாக இங்கே ஓட்டி வருகிறார், டீ குடித்துவிட்டு பஸ்ஸில் போகிறார். பாலம் ஏறும்போது இழுவை எப்படி என்று இரண்டு பேரும் தினமும் சண்டை. அவர் கார்புரேட்டரில் பெட்ரோல் விடுகிற ஜெட்டை இன்னும் ஒரு அளவு பெரிசு போடலாம் என்கிறார், நான் வேண்டாம் என்கிறேன். போட்டுவிடுவார் போலிருக்கிறது, அவர் சொல்வதுதான் சரி, ஆனால் நான் இன்னும் ஒரு வாரம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் அனுசரணையாக, நினைத்த மலையெல்லாம் இரண்டாம் கியரில் ஏறி நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் அதையே சொல்லி, பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே என்பதையும் சேர்த்துக்கொண்டாள். மறக்காதே, லீவுக்கு டிக்கெட் போடும்போது பகலில் வந்து இறங்குகிற மாதிரி போடு. ராத்திரி டிக்கெட் விலை குறைவு என்று எடுத்துவிடாதே, ராத்திரி நம் வண்டி சம்பந்தி ஷெட்டில் நிற்கும், பகலில்தான் இங்கே நிற்கும். இன்ஜின் பழகினதும் இந்த முதல் ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். வடிப்பதை நான் வடிக்கிறேன், மூடுவதை சம்பந்தி மூடட்டும். ஊற்ற மாட்டோம், இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம். டின் அலமாரியில் சீல் உடைக்காமல் இருக்கிறது. அடுத்த தடவை எதையாவது அனுப்பினால் பெட்டியின் மேல் என் பெயரையும் எழுது. சம்பந்தி பெயருக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் பெரிசாக எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு வைத்திருக்கிறேன், ஆயில் கறை இருந்தால் துடைத்துக்கொள்)